பன்னிரண்டாம் குழியில் தேடியவர்

இந்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, ஐந்து வருடங்களுக்குப் பிறகு அந்த மைதானத்துக்குப் போனேன். ரூஜ் ஆற்றைத் தாண்டி, ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, கிழக்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் வருகிற கோல்ஃப் மைதானம். லிங்க்ஸ் வகை. அப்படியென்றால் மரமே இருக்காது. மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, எந்நேரமும் காற்று, பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு வெட்டாமல் விட்ட புல். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் தானாக அமைந்ததை இங்கே யாரோ ஒருவர் சோளக்காட்டைத் தோண்டிச் செய்துவைத்திருக்கிறார். பதினெட்டுக் குழிகளில் பதினைந்து சாதாரணமானவை. நாலு, பன்னிரண்டு, பதினேழு மூன்றும் ஆளை அழவைக்கும்.

அந்த மூன்றையும் பார்க்கத்தான் போனேன். அவை என்னை மறக்கவில்லை. நாலாவதில் இரண்டு பந்து போனது. பன்னிரண்டில் மூன்று. பதினேழில் கிணறு மாதிரி இருக்கிற மணல் பள்ளத்துக்குள் இறங்கி, வெளியே வருவதற்கு ஏழு முறை அடித்தேன். தொலைந்த ஐந்து பந்தில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை. ஆனால் விட்டுவிட்டு நடந்த ஒவ்வொரு முறையும் முதுகில் ஒரு பார்வை விழுகிற மாதிரியே இருந்தது.

அந்தப் பார்வைக்குச் சொந்தக்காரர் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். மன்னார்க்காரர். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் அதைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. என் போனில் அவர் 'கோல்ஃப் அக்கா'. அவர் போனில் நான் 'இந்தியாத் தம்பி'. அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்களைச் சேர்த்து வைத்தது மைதானத்துக் கவுண்டர். தனியாக வருகிறவர்களை அங்கே இன்னொரு தனியாளோடு ஜோடி சேர்த்து அனுப்பிவிடுவார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன், யூனியன்வில்லில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. ஆபீசில் எல்லோரும் கோல்ஃப் பேசுகிறார்களே என்று ஆரம்பித்து, யாரோடும் ஆடுகிற தைரியம் வராமல் தனியாக வந்தவன். அன்றைக்கு என் ஜோடி என்று காட்டிய இடத்தில் ஒரு பெண்மணி தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக, கையில் சில்வர் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தமிழோ?"

"ஆமாங்க."

"ஓம், முகத்திலை எழுதிக் கிடக்கு. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? பிறகு நேரம் கிடைக்காது."

நேரம் ஏன் கிடைக்காது என்பது நாலாவது குழியில் தெரிந்தது. அவருடைய பந்து இடப்பக்கப் புல்லுக்குள் போனது. கோல்ஃபில் தொலைந்த பந்தை மூன்று நிமிஷம் தேடலாம். அதற்குமேல் தேடக்கூடாது, ஒரு அடி தண்டம் கட்டிவிட்டு வேறு பந்து எடுத்து ஆடவேண்டும். அக்காவிடம் இந்த விதியைச் சொன்னேன்.

"மூண்டு நிமிஷத்திலை என்னத்தைத் தேடுறது? என்ர பஸ்ஸிலை ஒரு பிள்ளையின்ர ஒத்தைக்கால் சப்பாத்துத் தேடவே பத்து நிமிஷம் வேணும்" என்றார்.

அவர் தேடுவதைப் பார்த்திருக்க வேண்டும். நான் எல்லாம் தேடினால் அங்கே ஒரு உதை, இங்கே ஒரு எட்டு, சரி போகலாம். அவர் புல் தொடங்குகிற இடத்தில் நின்று, மட்டையின் பிடியால் புல்லை இடமும் வலமும் விலக்கிக்கொண்டு நேர்கோட்டில் கடைசிவரை போவார். அங்கே திரும்பி, பக்கத்துக் கோட்டில் வருவார். மறுபடி போவார். பின்னால் வருகிற குழு வந்துவிட்டால், மரியாதையாகக் கையசைத்து அவர்களை முதலில் போகச் சொல்வார். அன்றைக்கு அந்த ஒரு குழியில் மட்டும் எங்களைத் தாண்டி நாலு குழுக்கள் போயின. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் மத்தியானம் மூன்றரைக்கு முடிந்தது.

ஆனால் பந்து கிடைத்தது. அதுதான் விஷயம். எப்போதும் கிடைத்தது. கூடவே மற்றவர்கள் தொலைத்த பந்துகளும் கிடைக்கும். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் துடைத்து அதில் போடுவார். ஒருமுறை ஒரு பந்தின்மேல் ஒரு பல் டாக்டரின் பெயரும் கிளினிக்கின் பெயரும் அச்சடித்திருந்தது. கிளினிக் என் வீட்டுப் பக்கம் என்று தெரிந்ததும், வழியில்தானே என்று என்னிடமே கொடுத்துவிட்டார். நான் போய் அதை ரிசப்ஷனில் நீட்டியபோது டாக்டரே வெளியே வந்தார். பந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பந்துகளை விளம்பரத்துக்காகப் பெட்டி பெட்டியாக அடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறாராம். இப்படி ஒன்று திரும்பி வருவது இதுதான் முதல் தடவையாம். போகும்போது எனக்கு ஒரு டூத்பிரஷ் கொடுத்தார்.

அக்கா கோல்ஃபுக்கு வந்த கதையும் வேடிக்கை. பஸ்களை நிறுத்துகிற யார்டுக்குப் பக்கத்தில், பந்து அடித்துப் பழகுகிற இடம் ஒன்று இருந்தது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதற்கு நாலைந்து மணி நேரம் இருக்கிறது. யார்டில் கழிவறை மோசம். அங்கே நல்ல கழிவறை. சும்மா போய்வரக் கூச்சமாக இருந்ததால் ஒரு காப்பி வாங்குவார். காப்பி மட்டும் வாங்கக் கூச்சமாக இருந்ததால் ஒருநாள் ஒரு வாளி பந்து வாங்கினார். "அதோடை பிடிச்சது தம்பி இந்த விசர்" என்றார்.

அவர் ஏன் இப்படித் தேடுகிறார் என்று எனக்குள் ஒரு பெரிய தியரி ஓடிக்கொண்டிருந்தது. நான் படித்த நாலு கட்டுரை, பார்த்த இரண்டு ஆவணப்படம் எல்லாம் சேர்ந்து கட்டிய தியரி. ஒருநாள் பத்தாவது குழிக்கு நடந்துபோகும்போது, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, நீங்க இப்படித் தேடுறதுக்கு... ஊர்ல சண்டை நேரத்துல நிறைய இழந்ததுதான் காரணமா?"

அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"நீங்கள் இந்தியாக்காரர் எல்லாத்துக்கும் எங்கட சண்டையைத்தான் பிடிப்பியள். எனக்குத் தலையிடி எண்டாலும் சண்டை, தடிமன், தும்மல் எண்டாலும் சண்டை. இது வேலைப் பழக்கம் தம்பி."

வேலை இதுதான். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் டிரைவர் பஸ்ஸின் பின்பக்கம்வரை நடந்து, ஒவ்வொரு சீட்டையும், சீட்டுக்குக் கீழேயும் பார்க்கவேண்டும். யாராவது ஒரு குழந்தை தூங்கிப்போயிருக்கலாம். கடைசியில் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் பஸ் அலறாமல் அடங்கும். பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அக்கா அப்படி நடந்திருக்கிறார்.

"சில பேர் ஓடிப்போய்ப் பட்டனை மட்டும் அமத்திப்போட்டு வருவினம். எனக்கு அது ஏலாது. பாக்காமல் பட்டன் அமத்தினா இரவு நித்திரை வராது."

"ஒரு தடவையாவது குழந்தை இருந்திருக்கா?"

"இல்லை. ஆனா ஒருக்கா ஒரு முயல் இருந்தது. பாடம் காட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன முயல்."

எதையாவது தேடத் தொடங்கினால் அந்தோனியாரைக் கூப்பிடுவார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர்தானாம். வாய்க்குள் ஒரு சின்னச் செபம், கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுதிரி. அந்தோனியாருக்குக் கோல்ஃப் தெரியுமா என்று கிண்டல் பண்ணினேன். "அவருக்கு விளையாட்டுத் தெரியத் தேவையில்லை. எங்கை கிடக்கு எண்டு தெரிஞ்சாச் சரி" என்று பதில் வந்தது.

இப்படி ஒருவரோடு யாராவது மறுபடி ஆடுவார்களா என்று கேட்டால், நான் ஆடினேன். இரண்டு கோடைகாலம் ஆடினேன். அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, எனக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்கவில்லை. இரண்டாவது கோடையில் வீட்டில் இருக்கப் பிடிக்காத காரணமும் ஒன்று சேர்ந்தது. என் மனைவி காயத்ரி அந்த ஏப்ரலில் வான்கூவரில் ஒரு வேலைக்குப் போயிருந்தாள். ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனாள். வேலையைத்தான் சொன்னாள் என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதைச் சொன்னாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் சண்டை போடவில்லை. தினமும் பேசுவது வாரம் மூன்று தடவையானது, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆனது.

அந்த ஜூலையில்தான் பன்னிரண்டாம் குழியில் மோதிரத்தைத் தொலைத்தேன்.

பன்னிரண்டு தூரம் குறைவு, ஆனால் நடுவில் ஒரு பள்ளம். ஏரிக்காற்று அங்கே வந்து முட்டித் திரும்பும். நல்ல அடியைக்கூடக் காற்று தூக்கி இடப்பக்கப் புல்லுக்குள் போட்டுவிடும். வெயிலில் என் விரல் வீங்கும் என்பதால், ஆடும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது வழக்கம். அன்றைக்குப் பந்து இடப்பக்கம் போனது. புல்லுக்குள் இறங்கி, வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். பதின்மூன்றாவதில் வந்து பாக்கெட்டில் கைவிட்டபோது மோதிரம் இல்லை.

அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஒரு மணி நேரம் தேடினோம். மைதானத்தில் ஆட்டம் தாமதமாகாமல் பார்த்துக்கொள்கிற மார்ஷல் ஒருவர் சின்ன வண்டியில் வந்து, பின்னால் கூட்டம் சேருகிறது என்று நயமாகச் சொல்லிப் போனார். அரை மணியில் மறுபடி வந்தார், நயம் குறைந்திருந்தது. அதற்குள் நான் களைத்துவிட்டேன்.

"விடுங்கக்கா. பரவாயில்ல."

அவர் நிமிர்ந்தார். "பரவாயில்லையோ?"

"வேற வாங்கிக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த கோட்டில் நடக்கத் தொடங்கினார்.

மூன்றாவது முறை மார்ஷல் வந்தபோது அக்கா அவரிடம் தன் இங்கிலீஷில், நான் விளையாடவில்லை, தேடுகிறேன் என்று சொன்னார். விளையாடாதவர் இங்கே நின்றால் பந்து மண்டையில் விழும் என்றார் அவர். அது நியாயம்தான். இந்தப் பெண்மணியின் மேல் ஏற்கெனவே நிறையப் புகார் இருக்கிறது, இந்த சீசன் முடிகிறவரை இரண்டு பேரும் புக் பண்ணவேண்டாம் என்றும் சொன்னார். தொலைந்தது என் மோதிரம், தப்பு என்னுடையது என்று நான் முன்னால் வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் ஷூவில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இந்த நாட்டில் பிடித்த இடமே அது ஒன்றுதான். காருக்கு நடந்துபோகும் வழியெல்லாம் அவர் என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "பன்ரண்டிலை இடப்பக்கம், பள்ளத்துக்கு இஞ்சாலை" என்று தனக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான்.

செப்டம்பரில் நானும் காயத்ரியும் போனில் பேசிப் பிரிவது என்று முடிவெடுத்தோம். இருபது நிமிஷப் பேச்சு. ஆபீஸ் மீட்டிங் மாதிரி, யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொண்டு, பை சொல்லி வைத்தோம். மோதிரம் தொலைந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அக்டோபர் கடைசியில் அக்கா போன் பண்ணினார். குளிர்காலத்துக்கு முன் மைதானத்தில் அந்த உயரப் புல்லை எல்லாம் வெட்டுவார்களாம். ஜூலையிலிருந்து வாரம் தவறாமல், எட்மன்டனில் இருக்கிற தன் மகளை விட்டு அவர்களுக்கு ஈமெயில் எழுத வைத்திருக்கிறார். புல்வெட்டுகிற பிரிவின் தலைவர் கடைசியில் இரங்கி, ஆட்டம் இல்லாத இரண்டு சனிக்கிழமை வந்து தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"மெட்டல் டிடெக்டரும் வாடகைக்கு எடுத்திருக்கிறன். வாறீங்களோ?"

"சனிக்கிழமை ஆபீஸ் வேலை இருக்கேக்கா."

"அப்ப சரி, நான் பாக்கிறன்."

ஆபீஸ் வேலை எதுவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் சோபாவில் படுத்துக் கிரிக்கெட் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையும்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் வரச்சொன்னார். மஞ்சள் பஸ் நின்றிருந்தது. உள்ளே ஏறினேன். டிரைவர் சீட்டில் இருந்தபடியே ஒரு மாத்திரை பாட்டிலை நீட்டினார். பஞ்சுக்கு நடுவில் மோதிரம்.

"ரெண்டாம் சனிக்கிழமை, இருட்டப்போற நேரம் கிடைச்சுது. அதுக்கு முதல் ஒரு முள்ளுக்கரண்டி, ரெண்டு கதவுத் திறப்பு, ஆரோ ஒருத்தற்ற காதுமெசின். எல்லாத்தையும் கவுண்டரிலை குடுத்திட்டன்."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நானும் காயத்ரியும் பிரிஞ்சிட்டோம். செப்டம்பர்லயே."

"ஓம். எனக்கு ஜூலையிலையே விளங்கீட்டுது. பரவாயில்லை எண்டு சொன்னீங்களெல்லோ, அப்பவே."

"அப்புறம் ஏங்க இவ்வளவு தேடினீங்க?"

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"வேண்டாமெண்டா வில்லுங்கோ, ஆருக்கும் குடுங்கோ, ஏரிக்குள்ளை எறியுங்கோ. அது நீங்கள் செய்யிற வேலை. தொலையிறது வேற, தம்பி. அதை நீங்கள் செய்யேல்லை, அது பாட்டிலை நடந்தது. ரெண்டையும் ஒண்டாக்கக் குடாது." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இறங்குங்கோ, பிள்ளையள் காத்துக்கொண்டு நிப்பினம்."

காரில் உட்கார்ந்து வான்கூவருக்குப் போன் பண்ணினேன். அங்கே இன்னும் பகல் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

"என்ன, இந்த நேரத்துல?" என்றாள் காயத்ரி.

மோதிரம் தொலைந்ததையும் கிடைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீ தேடினியா?"

"முதல் நாள் கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு அக்காதான் தேடினாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டறாங்க."

"எவ்வளவு நாளா?"

"ஜூலைல இருந்து."

அவள் அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முடிவெடுத்த அன்றைக்கு நாங்கள் இருவருமே அழவில்லை. இப்போது அந்தப் பிளாசாவின் குப்பைத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நானும் அழுதேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம், கல்யாணத்தைப் பற்றி, எங்கே எது விட்டுப்போனது என்பதைப் பற்றி. எதுவும் மாறவில்லை. பிரிந்தது பிரிந்ததுதான். ஆனால் முதல்முறையாக அதை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த மாதிரி இருந்தது. மோதிரத்தை விற்றுவிடச் சொன்னாள். சரி என்றேன்.

போனை வைக்கப்போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த அக்காவை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடேன். என் கொலுசு ஒண்ணு அங்கதான் எங்கேயோ கிடக்கு. அம்மா போட்டது" என்றாள்.

நான் அக்காவைக் கூப்பிடவில்லை. அன்று மாலை படுக்கையறைச் சுவரில் தொடங்கி, முழங்காலில் நின்று, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை நேர்கோட்டில் போனேன். திரும்பிப் பக்கத்துக் கோட்டில் வந்தேன். படுக்கையறை, ஹால், அலமாரிகள். மூன்றாம் நாள் கிடைத்தது, தூசியும் நூலுமாகச் சுற்றிக்கொண்டு கறுத்துப்போய். பல் டாக்டர் கொடுத்த டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி வான்கூவருக்குத் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த வசந்தத்தில் அக்கா வேலையை விட்டுவிட்டு மகளோடு எட்மன்டனுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் இந்தக் கொலுசுக் கதையைச் சொன்னேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கை கிடந்தது?" என்றார்.

"வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி."

அவருக்கு என்மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்ட மாதிரி இருந்தது.

"அது முதல் பாக்கிற இடமெல்லோ, தம்பி. அதுக்கு மூண்டு நாளோ?"